நோர்வே நாட்டு நத்தார் மது

நோர்வே நாட்டின் மேற்குக் கரையிலே, மலைகளைப் பிளந்துகொண்டு உள்நாட்டுக்குள் நெடுந்தூரம் புகுந்திருக்கும் சொங்னே என்னும் நுழைகழி கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில், குலேன் என்றொரு பகுதி உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மேற்குக் கரைக் குடியானவர்கள் ஆண்டுதோறும் அங்கே கூடி வழக்குத் தீர்த்தனர், சட்டமும் வகுத்தனர். குலாதிங் எனப்பட்ட அம்மன்றத்தின் சட்டங்கள் பின்னர் எழுத்திலே பொறிக்கப்பட்டன. ஏறத்தாழ 1250ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட தோற்சுவடியொன்று இன்றும் கொப்பன்ஹேகன் அரச நூலகத்திலே இருக்கின்றது. அச்சுவடியில், திருச்சபைக்குரிய கடமைகளைக் கூறும் பகுதியிலே, தமிழ் வாசகரைத் திகைக்கவைக்கும் விதியொன்று காணப்படுகின்றது.

கணவனும் மனைவியும் சம அளவு முளைத்தானியம் இட்டு மது ஆக்கவேண்டும். நத்தார் இரவிலே அதனைக் கிறிஸ்து நாதருக்கும் புனித மரியாளுக்கும் நன்றியாக, நல்ல விளைச்சலையும் அமைதியையும் வேண்டி, ஆசீர்வதித்துக்கொள்ள வேண்டும் என்பதே அவ்விதியாகும். இதைச் செய்யத் தவறியவன் மேற்றிராணியாருக்கு மூன்று மார்க் தண்டம் இறுக்கவேண்டும். பல பசுக்களை விற்றாலன்றிச் சாதாரணக் குடியானவன் கொடுக்கமுடியாத தொகை அது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மது ஆக்காமலும் தண்டம் இறுக்காமலும் இருந்தானென்று மெய்ப்பிக்கப்பட்டால், அவனுடைய உடைமை முழுவதும் பறிபோகும். பாதி அரசனுக்கு; பாதி மேற்றிராணியாருக்கு. பாவசங்கீர்த்தனம் செய்து திருச்சபையோடு ஒப்புரவாகினால் அவன் நாட்டிலே இருக்கலாம். இல்லையேல் அரசனுடைய ஆட்சிக்கு உட்பட்ட நிலத்தை விட்டே வெளியேற வேண்டும்.

குடியை விலக்குமாறு குருமார் உபதேசம் செய்வதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, மது ஆக்காதவனை நாடு கடத்தும் திருச்சபைச் சட்டம் விந்தையாகவே தோன்றும். ஆயின் இது வெறும் விந்தைச் செய்தி அன்று. வீட்டுக்கு வீடு ஒரு தொழிலைக் கட்டாயக் கடமையாக்கிய இவ்விதியும், அதன் பின்னே வேரூன்றி நின்ற வழக்கமும் இல்லாதிருப்பின், ஐரோப்பாவின் பிற பகுதிகளிலே பெரும்பாலும் மறைந்துபோன ஒரு பழைய கலை நோர்வேயின் பள்ளத்தாக்குகளிலே இருபதாம் நூற்றாண்டுவரை உயிரோடு இருந்திருக்குமா என்பது ஐயமே.

இக்கடமை கிறிஸ்தவத்துக்கு முற்பட்டது. வடநாட்டவர் மாரிகாலத்தின் நடுவே, இரவு மிக நீண்டு பகல் சில நாழிகையாகச் சுருங்கும் வேளையிலே, 'யூல்' என்னும் விழாவை எடுத்தனர். விழா எடுத்தனர் என்று அவர்கள் சொல்வதில்லை. 'யூல் குடித்தனர்' என்பதே பழைய மொழியின் வழக்கு. குடித்தலும் கொண்டாடுதலும் அவர்களுக்கு ஒன்றாகவே இருந்தன. பலியிட்ட விலங்கின் இறைச்சி வெந்துகொண்டிருக்கும் நெருப்புக்கு மேலாக மதுக்கிண்ணங்கள் கைமாறும். முதற் கிண்ணம் ஓடின் என்னும் தெய்வத்துக்கு. அது அரசனின் வெற்றிக்காக. அடுத்தவை நியோர்ட், பிரேய் ஆகிய தெய்வங்களுக்கு. அவை நல்ல விளைச்சலுக்கும் அமைதிக்குமாக. இறந்துபோன உறவினரை நினைந்து குடிக்கும் கிண்ணமும் உண்டு. இவற்றை எழுதிவைத்தவர் ஐசுலாந்து வரலாற்றாசிரியரான ஸ்நோரி ஸ்துர்லுசன் என்பவர்.

பத்தாம் நூற்றாண்டில் நோர்வேயை ஆண்ட ஹாக்கோன் என்னும் அரசனைப்பற்றியும் அவரே விரிவாகக் கூறுகின்றார். ஹாக்கோன் இளமையில் இங்கிலாந்து மன்னன் அதெல்ஸ்தானின் அரண்மனையிலே வளர்ந்து கிறிஸ்தவனானவன். ஏறத்தாழ 934இல் தாய்நாடு திரும்பி அரசுரிமை பெற்றபோது, குடிகள் யாவரும் பழைய தெய்வங்களையே வணங்கிக்கொண்டிருந்தனர். வாளால் மதம் மாற்றும் வலிமை அவனுக்கு இல்லை. எனவே அவன் நாட்காட்டியிலே கை வைத்தான். யூல் விழாவைக் கிறிஸ்தவர்கள் நத்தார் கொண்டாடும் அதே நாளிலே தொடங்கவேண்டும் எனச் சட்டம் செய்தான். ஒவ்வொருவனும் ஓர் அளவு முளைத்தானியத்தால் மது ஆக்கவேண்டும், தவறினால் தண்டம். அந்த மது தீருமட்டும் திருநாள் நீடிக்கும். ஓய்வுநாட்களின் எண்ணிக்கையைப் பீப்பாயின் அடிமட்டத்தைக் கொண்டு அளந்த சட்டம் வேறெங்கேனும் உண்டோ தெரியவில்லை!

ஆயினும் குடியானவர்கள் எளிதில் வசப்படவில்லை. லாடே என்னுமிடத்து விருந்திலே, ஓடினுக்கென வாழ்த்திக் கொடுக்கப்பட்ட மதுக்கொம்பின்மேல் ஹாக்கோன் சிலுவை அடையாளமிட்டான். கூட்டத்திலே முணுமுணுப்பு எழுந்தது. அவனுடைய நண்பனான சிகூர்ட் என்னும் பிரபு உடனே எழுந்து, அரசன் இட்டது தோர் என்னும் தெய்வத்தின் சுத்தியல் அடையாளமே என்று சொல்லி நிலைமையைக் காத்தான். அடுத்து வந்த யூல் விழாவில், மேரே என்னுமிடத்திலே, குடியானவர்கள் அரசனைச் சூழ்ந்துகொண்டு வற்புறுத்தவே, அவன் பலிக்குதிரையின் ஈரலிற் சிறு துண்டுகளை உண்டு, சிலுவை அடையாளம் இடாமலே கிண்ணங்களைக் குடித்துத் தீர்த்தான். ஸ்நோரி இதை எழுதியது ஹாக்கோன் இறந்து ஏறக்குறைய 270 ஆண்டுகளின் பின்னர். ஆகையால் ஒவ்வொரு சொல்லையும் நேரிற் கண்ட சாட்சியாகக் கொள்வதற்கில்லை. உறுதியான சாட்சி சட்டச் சுவடியே.

அச்சுவடியின் சொற்களைச் சற்று உற்று நோக்கினால் நிகழ்ந்தது இன்னதென விளங்கும். பிரேய் தெய்வத்தின் கிண்ணத்தின்போது வேண்டப்பட்டவை நல்ல விளைச்சலும் அமைதியும். கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் உரிய மதுவின்போது வேண்டப்பட்டவையும் அவையே, சொற்றொடரும் அதுவே. பெயர் மாறிற்று, நாள் மாறிற்று, மது மாறவில்லை. குடியானவன் வீட்டுச் சடங்கை ஒழிக்க முயன்று தோற்பதைக்காட்டிலும், அதையே தன் கடமைப்பட்டியலிற் சேர்த்துத் தண்டமும் விதிப்பது அறிவுடைமை எனத் திருச்சபை கண்டது போலும். நத்தார் மது மாத்திரமன்று. நவம்பர் முதலாந் தேதி வரும் சகல பரிசுத்தர் திருநாளுக்கு முன்னரும் மது ஆக்கவேண்டும் என்று அதே சட்டம் கூறுகின்றது. அதனைக் குறைந்தது மூன்று வீட்டார் சேர்ந்து குடிக்கவேண்டும். தீவிலோ மலையிலோ அயலவருக்கு மதுவைச் சுமந்து செல்லமுடியாத தொலைவில் இருப்பவன், மூவர் ஆக்கக்கூடிய அளவைத் தானே தனியாக ஆக்கவேண்டும். ஆறு பசுவுக்குக் குறைவாக உடையவனுக்கோ விலக்கு உண்டு. அவன் விரும்பினால் ஆக்கலாம். வறியவனின் தானியம் அப்பத்துக்கே போதாது என்பதைச் சட்டம் வகுத்தவர்கள் அறிந்திருந்தனர்.

இந்தத் தானியக் கணக்கை மறந்துவிட்டு நத்தார் மதுவின் பெருமையை உணரமுடியாது. நோர்வேயின் நிலத்திலே உழக்கூடியது மிகச் சிறுபகுதி. மேற்குக் கரையில் மழை ஓயாது. கோடை குறுகியது. வாற்கோதுமை விளைந்தால் உண்டு. பனி முந்தினால் இல்லை. பஞ்ச காலங்களிலே மரப்பட்டையை இடித்து மாவோடு கலந்து அப்பம் சுட்டு உண்ட மக்கள் அவர்கள். 1807இலிருந்து 1814வரை பிரித்தானியக் கடற்படை கரையை முற்றுகையிட்டு டென்மார்க்கிலிருந்து தானியம் வராது தடுத்தபோது அத்தகைய அப்பமே பலருக்கு உணவாயிற்று. இப்படிப்பட்ட நாட்டிலே, கிடைத்த வாற்கோதுமையிற் சிறந்த பங்கை ஒதுக்கி முளைக்கவைத்து மதுவாக்குவதென்றால், அது வீண் செலவன்று; காணிக்கை. ஆண்டின் மற்ற நாட்களிலே நீர்த்த மதுவையும் மோர்நீரையும் குடித்த குடும்பம், ஆண்டுக்கு ஒருமுறை கெட்டியான மதுவைக் குடித்தது. அதனாலேயே 'நத்தார் மது' என்ற சொல்லுக்கு இன்றும் அந்நாட்டவர் காதிலே 'கருமையானது, முளைத்தானியச் சுவை மிகுந்தது, வலியது' என்ற பொருள்கள் சேர்ந்தே ஒலிக்கின்றன.

மது ஆக்கும் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். பனங்கள்ளுக்கு இத்துணை உழைப்பு இல்லை. பாளையில் ஊறும் நீரிலே வெல்லம் ஏற்கெனவே உண்டு. முட்டியிலே ஒட்டியிருக்கும் மதுவம் அதனைத் தானாகவே புளிக்கவைத்துவிடும். தானியத்திலோ இருப்பது மாப்பொருள். அதை முதலில் வெல்லமாக்க வேண்டும். அதற்காகவே வாற்கோதுமையைச் சாக்கிலே கட்டி ஓடை நீரில் ஊறவைத்து, பின் தரையிலே பரப்பி முளைக்க விடுவர். முளைக்கும்போது மணியினுள்ளே நொதியங்கள் தோன்றுகின்றன. முளை ஓரளவு நீண்டதும், மேலும் வளர்ந்து மணியின் சத்தைத் தின்றுவிடாதபடி, சூட்டினால் உலர்த்துவர். துரொண்ட்ஹைம் நகருக்கு அருகேயுள்ள ஸ்தியோர்டால் பகுதியில் ஆல்டர் மரக்கட்டையின் புகையால் உலர்த்துவதே வழக்கம். அங்கு ஆக்கும் மதுவிலே புகைமணம் கமழும். வெளியூரார் முதல் மிடறிலே முகஞ்சுளிப்பர்; அவ்வூராருக்கோ அம்மணமில்லாத நத்தார் நத்தாரன்று.

உலர்ந்த முளைத்தானியத்தைத் திரித்து வெந்நீரிலே ஊறவைக்கும்போது மாப்பொருள் வெல்லமாகின்றது. அந்த நீர் வெறும் நீரன்று. ஜூனிப்பர் என்னும் ஊசியிலைச் செடியின் கிளைகளை இட்டுக் காய்ச்சிய நீர். வடிக்கும் பாத்திரத்தின் அடியிலும் அக்கிளைகளையே பரப்புவர். உமி தங்கி, தெளிந்த சாறு மட்டும் இறங்கும். முதலில் இறங்கும் சாறு கெட்டியும் இனிப்புமானது. பின்னர் மறுபடி நீர் ஊற்றி வடிப்பது மெலிந்தது. நத்தாருக்குரியது முதற்சாறு, வேலைநாட் குடிப்புக்குரியது மறுசாறு. வொஸ், ஹார்டாங்கர் பகுதிகளில் அந்த முதற்சாற்றை மேலும் மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து வற்றச்செய்வர். சாறு சுண்டச் சுண்ட நிறம் செம்மையேறிக் கருமைபடரும். காய்ச்சிய பாகின் சுவை வரும். வொஸ் பகுதி மதுவிலே நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு மதுசாரம் இருத்தல் சாதாரணம். வடக்கே நோர்ட்பியோர்ட் பகுதியிலோ சாற்றைக் கொதிக்கவைக்காமலே புளிக்கவிடுவர். ஒரே மலைத்தொடரின் இரு பக்கத்தாரும் ஒருவர் முறையை மற்றவர் முறையெனவே ஒப்புக்கொள்வதில்லை!

வலிய மதுவை விரும்பியதற்கு மகிழ்ச்சி மட்டுமே காரணமன்று. மெலிந்த மது சில நாட்களிலே புளித்துக் காடியாகும். நத்தார்க் காலமோ நெடியது. ஜனவரி 13ஆந் தேதி வரும் இருபதாம் நாளன்றே முடிவது. அதுவரை வருவோர் போவோர் அனைவருக்கும் ஊற்றிக்கொடுக்க வேண்டிய மது கெடாதிருக்க வேண்டுமாயின், அதிலே வெல்லமும் மதுசாரமும் மிகுந்திருத்தல் வேண்டும்.

நாட்களைக் கணக்கிட அக்காலக் குடியானவர்கள் 'பிரிம்ஸ்தாவ்' எனப்படும் மரத்தகட்டை வைத்திருந்தனர். ஒரு புறம் மாரிக்காலம், மறுபுறம் கோடைக்காலம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கீறல், திருநாளுக்கு ஓர் உருவம். எழுத்தறியாதவரும் விரலால் தடவி நாளறியலாம். அதிலே டிசம்பர் 21ஆந் தேதி புனித தோமையாரின் திருநாள். அடையாளம் ஒரு பீப்பாய். மயிலாப்பூரிலே வேதசாட்சியாக உயிர்நீத்தார் எனத் தமிழ்க் கிறிஸ்தவர் போற்றும் அதே தோமையாரை, நோர்வேக் குடியானவர் 'மது ஆக்கும் தோமஸ்' என அழைத்தனர். அன்றைக்கு நத்தார் மது ஆக்கி முடிந்திருக்க வேண்டும். விறகு பிளந்திருக்க வேண்டும். அயலவர் வீட்டுக்கு வீடு சென்று மதுவைச் சுவைபார்ப்பதும் அன்றே. சில தகடுகளிலே இருபதாம் நாளுக்குக் கவிழ்த்த மதுக்கொம்பு செதுக்கப்பட்டுள்ளது. விழா முடிந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாக எழுத்தாலும் கூறமுடியாது.

நத்தார் இரவுகள் அச்சம் நிறைந்தவையாகவும் இருந்தன. இறந்தோரின் ஆவிகள் 'ஒஸ்கொரெய்' என்னும் படையாகக் குதிரையேறி வானிலே விரைந்து வருமென்றும், காவலற்ற வீட்டிலே புகுந்து பீப்பாயை வெறுமையாக்கிவிடுமென்றும் மக்கள் நம்பினர். கதவின்மேல் தாரினாற் சிலுவை வரைந்தனர். மதுப்பாத்திரத்திலே இரும்புத் துண்டை வைத்தனர். சாற்றிலே மதுவம் இடும் கணத்தில், தீயவை அஞ்சியோடும்படி உரத்துக் கூவும் வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஓராண்டின் சிறந்த தானியம் முழுவதும் ஒரு பாத்திரத்திலே இருக்கின்றது. அது நன்றாகப் புளிக்குமா, பாழாகுமா என்பது கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்றின் கையில் இருக்கின்றது. நுண்ணுயிர் என்ற சொல்லே பிறவாத காலத்து மனிதன் கூவாமல் என் செய்வான்?

அந்தக் கண்காணா ஒன்றை அவர்கள் மிகக் கருத்தோடு பேணினர் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. மதுவத்துக்கு மேற்குக் கரையிலே 'குவெய்க்' என்று பெயர். உயிர்ப்பித்தல், தீ மூட்டுதல் என்னும் பொருளுடைய சொல்லோடு அது உறவுடையது. மது புளித்து முடிந்ததும், மேலே பொங்கிய நுரையிலோ அடியிலே படிந்த வண்டலிலோ சிறிது எடுத்து, மரத்துண்டுகளாற் கோத்த வளையத்திலோ துளையிட்ட கட்டையிலோ தோய்த்து உலரவிடுவர். உலர்ந்த வளையம் சுவரிலே தொங்கும். அடுத்த முறை, மாதங்கள் கழிந்தபின், அதைச் சாற்றிலே போட்டால் மதுவம் மீண்டும் விழித்தெழும். ஒரு வீட்டின் குவெய்க் கெட்டுவிட்டால் அயல்வீட்டிலே கேட்டு வாங்குவர், மறுப்பது வழக்கமில்லை. தாயிடமிருந்து மகளுக்கும் தந்தையிடமிருந்து மகனுக்குமாக அது வந்தது. பழைய நாளிலே பல இடங்களில் மது ஆக்குதல் பெண்களின் தொழில். வொஸ் போன்ற சில பகுதிகளில் அது ஆண்கள் கைக்கு வந்தது. கணவனும் மனைவியும் சம அளவு தானியம் இடவேண்டும் என்ற பழஞ்சட்டம் இங்கே நினைவுகூரத் தக்கது.

இக்கலை நத்தாரோடு நின்றுவிடவில்லை. 'ஓல்' என்பது அவர்கள் மொழியில் மதுவின் பெயர். விருந்தின் பெயரும் அதுவே. பிள்ளைப்பேற்று விருந்து 'பார்செல் ஓல்'. நிச்சயதார்த்தம் 'பெஸ்தர் ஓல்'. இழவு வீட்டு விருந்து 'கிராவ் ஓல்', அதாவது கல்லறை மது. பெரிய மரக்கிண்ணத்திலே மதுவை நிரப்பி, கோழி வடிவிலே செதுக்கிய சிறு கிண்ணங்களை அதில் மிதக்கவிட்டு, மொண்டு குடிப்பர். வண்ணம் தீட்டி, விளிம்பைச் சுற்றிலும் செய்யுள் எழுதிய அத்தகைய கிண்ணங்கள் நோர்வேயின் நூதனசாலைகளில் ஏராளமாக உள்ளன.

சட்டம் நீங்கியபின் வழக்கம் என்னவாயிற்று? 1274இல் மாக்னுஸ் அரசன் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வகுத்தபோது குலாதிங்கின் பழஞ்சட்டம் வழக்கொழிந்தது. 1537இல் லூதரின் சீர்திருத்த மதம் நாட்டு மதமாகி, மரியாளுக்கும் பரிசுத்தருக்கும் செய்த வணக்கங்கள் விலக்கப்பட்டன. தண்டம் விதிக்க மேற்றிராணியாரும் இல்லை. வாழ்த்துப் பெற மரியாளும் இல்லை. ஆயினும் மது நின்றது. இரண்டாவது முறையாக அது தன் தெய்வத்தை இழந்து, வீட்டுக் கௌரவமாக மாறிற்று. நத்தாருக்கு மது ஆக்காத வீடு என்ற பழிச்சொல் மூன்று மார்க் தண்டத்திலும் கடியதாக இருந்தது.

அதனை ஏறக்குறைய வீழ்த்தியது வேறொன்று. 1816ஆம் ஆண்டுச் சட்டம் குடியானவர் தம் நிலத்தில் விளைந்ததைக்கொண்டு சாராயம் காய்ச்ச உரிமை அளித்தது. உருளைக்கிழங்கும் அக்காலத்திலே பரவியிருந்தது. வாரக்கணக்காக முளைக்கவைத்து, உலர்த்தி, வடித்து, காவலிருந்து பெறும் மதுவுக்குப் பதிலாக, விரைவிலே வெறியூட்டும் சாராயம் எளிதாயிற்று. நாடெங்கும் குடி பெருகிற்று. மதுவிலக்கு இயக்கங்கள் எழுந்தன. 1848ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வீட்டு வடிசாலைகள் முடிவுக்கு வந்தன. ஆனால் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளிலே பல பள்ளத்தாக்குகள் முளைத்தானிய அறைகளைக் கைவிட்டிருந்தன. பின்னர் கோப்பி வந்தது. நகரங்களிலே பவேரிய முறையைப் பின்பற்றிய பெரிய பியர் ஆலைகள் வந்தன. அவ்வாலைகளும் நத்தார் வழக்கத்தை விடவில்லை. ஆண்டிறுதியிலே கருமையும் முளைத்தானியச் சுவையும் மிக்க தனிப்பியரை ஆக்கி 'யூலெ ஓல்' என்ற பழம்பெயரிலேயே விற்றன, இன்றும் விற்கின்றன.

ஆலைப் பியருக்கும் வீட்டு மதுவுக்கும் இடையே ஓர் அடிப்படை வேற்றுமை உண்டு. 1883இல் கொப்பன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்தியன் ஹான்சன் என்னும் அறிஞர், மதுவத்தின் ஒற்றை உயிரணுவிலிருந்து தூய வளர்ப்பைப் பெருக்கும் முறையைக் கண்டார். அதன்பின் உலகத்து ஆலைகள் தத்தம் பழைய கலப்பு மதுவங்களை எறிந்துவிட்டுத் தூய ஒற்றை இனத்துக்கு மாறின. பியர் ஒருதரமாயிற்று, கெடுதலும் குறைந்தது. ஆனால் எறியப்பட்டவை என்னவென்று அப்பொழுது எவரும் எண்ணிப்பார்க்கவில்லை. வொஸ்ஸிலும் ஹோர்னிந்தாலிலும் சில குடும்பங்கள் மட்டும், நத்தாருக்கு வேறு மதுவம் இட்டால் அது தம் மதுவன்று என்ற பிடிவாதத்தினால், பழைய வளையத்தைச் சுவரிலே தொங்கவிட்டிருந்தன.

1950களில் நோர்வே நாட்டு நாட்டாரியல் ஆய்வாளர்கள் ஊர்தோறும் வினாக்கொத்து அனுப்பி முதியோரிடம் மது ஆக்கும் முறைகளைக் கேட்டெழுதினர். அவற்றை ஆராய்ந்து ஒட் நோர்லாந்து என்பவர் 1969இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அந்நூலைப் படிப்போர்க்கு, மறைந்துகொண்டிருக்கும் ஒன்றின் இறுதிப் பதிவாகவே அது தோன்றியிருக்கும். நல்லகாலமாக அவ்வாறு முடியவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டிலே ஆர்வலர் சிலர் அப்பள்ளத்தாக்குகளுக்குச் சென்று, எஞ்சியிருந்த குவெய்க் மாதிரிகளைத் திரட்டி ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினர். 2018இல் வெளியான ஆராய்ச்சி, இவை ஆலைகளின் மதுவங்களிலிருந்து பிரிந்து நிற்கும் தனிக்குலத்தைச் சேர்ந்தவை என மரபணுக்களைக்கொண்டு காட்டிற்று. பியர் ஆக்குவோர் சாதாரணமாகத் தம் மதுவத்தை 20 பாகை வெப்பத்தின் அருகே வைத்துக் காப்பர். அதற்கு மேற்போனால் விரும்பத்தகாத சுவைகள் தோன்றும். குவெய்க்கோ 30 முதல் 40 பாகை வரையிலும் குற்றமின்றி வேலை செய்யும். வலிய சாற்றையும் இரண்டொரு நாளிலே பெரும்பாலும் புளிக்கவைத்துவிடும். உலர்ந்து கிடந்து மீளும் ஆற்றலும் அதற்கு மிகுதி. இவை இயற்கை தானாகக் கொடுத்த குணங்களல்ல. கை பொறுக்கும் சூட்டிலே மதுவம் இட்டு, விரைவாக முடிந்ததையும் சுவை நன்றாக இருந்ததையும் மாத்திரம் வளையத்திலே தோய்த்து வைத்த எண்ணற்ற குடியானவரும் மனைவியரும் தம்மையறியாமலே தெரிந்தெடுத்த குணங்கள்.

இன்று வொஸ் ஊரார் பேணிய மதுவத்தை அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பியர் ஆக்குவோர் பொட்டலமாக வாங்குகின்றனர். நோர்வேயிலோ நிலைமை பழஞ்சட்டத்துக்கு நேர்மாறாகியிருக்கின்றது. நூற்றுக்கு 4.7 பங்குக்கு மேல் மதுசாரம் உள்ள பியரைச் சாதாரணக் கடைகள் விற்கலாகாது. 1922இல் நிறுவப்பட்ட 'வின்மொனொபோல்' என்னும் அரசாங்கக் கடைகளிலே மாத்திரம் அது கிடைக்கும். முன்னோரின் அளவுக்கு வலிமையும் கருமையும் உடைய நத்தார் மதுவை வேண்டுவோர் அங்கே சென்று வாங்குகின்றனர். திருநாளன்று அக்கடைகளும் பூட்டியிருக்கும். மேற்குப் பள்ளத்தாக்குகளிலே தாமே மது ஆக்கும் வீட்டாருக்கு மட்டும் அக்கவலை இல்லை. தோமையார் திருநாளுக்கு முன்பே அவர்கள் பீப்பாய் நிலவறையிலே குளிர்ந்துகொண்டிருக்கும்.